மூன்றாவது பூட்டு

இதை நம்புங்கள் என்று நான் யார் காலிலும் விழப்போவதில்லை. மீட்டரில் காட்டாத எதையும் நம்பாத ஆள் நான். இருபத்திரண்டு வருஷமாகக் கரண்ட்டோடுதான் குடித்தனம். அப்படிப்பட்டவன் கண்ணால் பார்த்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

அது ஒரு பிளாஸ்டிக் குழாய்த் தொழிற்சாலை. மூன்று பெரிய மோட்டார்கள். மூன்றின் வேகத்தையும் கூட்டிக் குறைக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்வெர்ட்டர். இந்த இன்வெர்ட்டர் இருக்கிறதே, அது கரண்ட்டை ஒரே சீராக இழுக்காது. தாகம் எடுத்தவன் மாதிரி விட்டு விட்டு மடக் மடக்கென்று விழுங்கும். அதனால் லைனில் வருகிற அலையே நசுங்கிப்போகும். ஹார்மோனிக்ஸ் என்பது அதுதான். டிரான்ஸ்பார்மர் கொதிக்கும், கெப்பாசிட்டர் உப்பி வெடிக்கும். அங்கே இரண்டு முறை வெடித்தே விட்டது.

மருந்து சுலபம். ஒவ்வொரு இன்வெர்ட்டருக்கும் முன்னால் ஒரு லைன் ரியாக்டர். இரும்புச் சட்டத்தில் சுற்றிய தடித்த செம்புச் சுருள்தான், நாங்கள் சோக் என்போம். அந்த அவசரத்தை அது அடக்கிவிடும்.

மூன்று சோக்கையும் சுற்றிக் கொடுத்தவர் என் மனைவியின் அண்ணன். கை ஓய்ந்தாலும் ஓயும், வாய் ஓயாது. மாட்டவும் என்னோடு வந்தார். கிளம்பும்போது என் மனைவி வாசல்வரை வந்தாள்.

“எங்கண்ணன் அவசரக்காரர். நீங்கதான் பாத்துக்கணும்.”

விடுமுறை நாள். காலை 9:10. மெயின் சுவிட்சை இறக்கினேன். எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. பேனலுக்குள், அதாவது அந்த ஆள் உயர மின் அலமாரிக்குள், கை வைக்கும் ஒவ்வொருவனும் அந்தச் சுவிட்சின் கைப்பிடியில் தன் பூட்டைப் போட வேண்டும். சாவி அவன் பையில் இருக்கும். அவன் பூட்டை அவன்தான் திறக்க வேண்டும். ஒரு பூட்டு மிச்சம் இருந்தாலும் கைப்பிடி மேலே ஏறாது.

இரண்டு பேர். இரண்டு சிவப்புப் பூட்டு.

மச்சான் தன் சாவியை நீட்டினார். “குனிஞ்சா தொடையில குத்துது மாப்ள. நீங்களே வச்சுக்குங்க.”

வாங்கியிருக்கக் கூடாது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேனேஜர் வாசலில் நின்றே பேசினார். “அஞ்சு மணிக்கு மெஷின் ஓடியாகணும்.” ஒரு எட்டுகூட உள்ளே வைக்கவில்லை. கரண்ட் என்றால் பயம் போலிருக்கிறது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஜன்னல் இல்லாத அறை. முன்னால் ஒரு வாசல், பேனலுக்குப் பின்னால் ஒரு சின்ன வாசல். மெயின் இறங்கிவிட்டதால் பேட்டரி விளக்குதான்.

11:35. முதல் சோக்கைச் சட்டத்தில் பொருத்தியாயிற்று. ஒயர் இன்னும் இணைக்கவில்லை. அப்போது…

ம்ம்ம்ம்ம்…

கரண்ட் ஓடினால்தான் சோக் முனகும். மீட்டரை வைத்தேன். பூஜ்யம். முனகல் நிற்கவில்லை. இரும்பின் மேல் கை வைத்தேன். சட்டென்று நின்றது.

“நான் சுத்தின சோக்காச்சே… அதுவும் வாயை மூடாது,” என்றார் மச்சான். சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

2:20. இரண்டாவது சோக்கைச் சட்டத்தில் உட்கார வைத்திருந்தோம். முறுக்கி முடித்த போல்ட்டின் மேல் ஒரு கோடு போடுவது வழக்கம், பிறகு தளர்ந்தால் தெரியும். எங்கள் பேனா சிவப்பு. விளக்கைத் திருப்பினேன்.

ஆறு போல்ட்டிலும் மஞ்சள் கோடு.

தொட்டேன். ஈரம்.

“மச்சான், மஞ்சள் பேனா ஏது?”

“நான் இன்னும் முறுக்கவே இல்லையே மாப்ள…”

ஸ்பேனரை வைத்துப் பார்த்தேன். ஆறும் இறுகியிருந்தன. மச்சான் வாயடைத்துப் போனதை அன்றுதான் பார்த்தேன். கை மட்டும் ஓடியது.

4:45. மூன்றாவதும் முடிந்தது. மச்சான் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனார். என் கண்ணால் பார்த்தேன்.

“முடிஞ்சுதா?” வெளியிலிருந்து மேனேஜர்.

“முடிஞ்சுது.”

என் பூட்டைத் திறந்தேன். மச்சான் பூட்டையும் நானே திறந்தேன்.

4:52. கைப்பிடியை மேலே தள்ளினேன்.

ஏறவில்லை.

குனிந்தேன். இன்னொரு பூட்டு. பழைய பித்தளைப் பூட்டு. அதில் ஒரு அட்டை தொங்கியது. கையெழுத்தில் இரண்டே வார்த்தை.

‘ஆள் உள்ளே.’

பிடித்து இழுத்தேன். அசையவில்லை. பூட்டுக்குள்ளே லேசாக… ம்ம்ம்ம்…

அப்போது பேனலுக்குப் பின்னால்…

டிங்…

டிங்…

“யாரு?”

“நான்தான் மாப்ள. ஒரே ஒரு போல்ட்டு…”

மச்சான்.

எட்டிப் பார்த்தேன். பின்வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறார். இரண்டு கையும் கரண்ட் ஓடுகிற செம்புப் பட்டையில்.

கைப்பிடியை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது கைப்பிடியில் பூட்டு இல்லை.

எதுவுமே இல்லை.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து அவரை வெளியே இழுத்தேன். திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன்.

“இல்ல மாப்ள… மூணாவது சோக்குலயும் மஞ்சக் கோடு இருந்துச்சு. ஆனா அஞ்சு போல்ட்டுலதான். ஆறாவதுல இல்ல. மனசு கேக்கல, பாக்க வந்தேன்.”

மேனேஜரிடம் பூட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது. என்னைத் தன் அறைக்கு அழைத்துப்போனார். மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்தார்.

பித்தளைப் பூட்டு. ‘ஆள் உள்ளே’ என்ற அட்டை. பக்கத்தில் ஒரு மஞ்சள் பேனா.

பூட்டின் வளையம் ரம்பத்தால் இரண்டாக அறுக்கப்பட்டிருந்தது.

“நாலு வருஷம் ஆச்சு. இதே சோக் மாட்டுற வேலைதான், பாதியில நின்னுபோச்சு. எங்க எலக்ட்ரீஷியனைத் தேடினேன், காணோம். வீட்டுக்குப் போயிட்டார்னு நினைச்சு…” இழுப்பறையைப் பாதி மூடினார். “பூட்டை அறுத்தது நான்தான்.”

“அவர்?”

“கடைசி போல்ட்டுல இருந்தார்.”

கிளம்பும் முன் தனியாகப் பேனலுக்குப் பின்னால் போனேன். விளக்கை அடித்தேன். மச்சானை நான் பாதியில் இழுத்துப் போட்டதால் அந்த ஆறாவது போல்ட்டை யாரும் முறுக்கி முடிக்கவில்லை.

ஸ்பேனர் வைத்தேன். இறுகியிருந்தது.

அதன் மேல் ஒரு மஞ்சள் கோடு. இன்னும் காயவில்லை.