இராமலட்சுமி குறி போடாத சாடிகள்

குற்றாலத்தில் சிவனணைந்தபெருமாள் வைத்தியரின் மருந்துசாலைக்கு இராமலட்சுமி முதலில் வந்தது சாடி கழுவத்தான். அது 1953ஆம் வருஷம், ஆடி மாதம். அவளுக்கு இருபத்தாறு வயது. பிறந்த ஊர் கடையம், வாழ்க்கைப்பட்டது இலஞ்சி. புருஷன் குற்றாலிங்கம் தென்னந்தோப்புகளில் தேங்காய் பறிக்கிறவன்.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. தச்சுப் பட்டறையில் மெருகு போட வைத்திருந்த ஸ்பிரிட்டில் தண்ணீரைக் கலந்து யாரோ ஒருவன் விற்றான். ஒரு கல்யாண வீட்டில் அதைக் குடித்துவிட்டு வந்து படுத்த குற்றாலிங்கம், மறுநாள் வெயில் ஏறிய பிறகு எழுந்து உட்கார்ந்து, "ஏட்டி, விளக்கை ஏத்து" என்றான். அன்றோடு அவனுக்குக் கண் போயிற்று. அவன் வீட்டில் இருந்து கயிறு திரிக்க ஆரம்பித்தான். அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

வைத்தியரின் மருந்துசாலையில் பெயர்போனது தசமூலாரிஷ்டம். பத்து வகை வேரைக் காய்ச்சி வற்றவைத்து, ஆறிய பின் வெல்லமும் தேனும், பொங்கவைக்கிற தாதிரிப்பூவும் சேர்த்துச் சாடியில் அடைத்து, வாயைத் துணியால் கட்டி மண் பூசி ஒரு மாதம் வைப்பார்கள். உள்ளே அது தானாகப் பொங்கி, தானாக அடங்கி, கன்னங்கரேலென்று ஆகிவிடும். ஒரு மிடறு குடித்தால் நெஞ்சுக்குள் இதமாகச் சூடு இறங்கும். பிள்ளை பெற்றவர்களுக்கு அதுதான் மருந்து.

வைத்தியருக்கு ஒரு குறை இருந்தது. டைபாய்டு காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து அவருக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. நாள் கணக்கையும் பழக்கத்தையும் வைத்தே மருந்து இறக்கிக்கொண்டிருந்தார். வெளியே யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் இராமலட்சுமி கழுவ எடுத்த காலிச் சாடியை மோந்து பார்த்துவிட்டு, "ஐயா, இதுல வாய்க்கட்டு சரியில்லாம காத்து போயிருக்கு. இதுல இருந்த மருந்து புளிச்சிருக்குமே" என்றாள். அந்தச் சாடி மருந்தைத்தான் இரண்டு பேர் புளிக்கிறதென்று திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

அதிலிருந்து எந்தச் சாடியைத் திறந்தாலும் வைத்தியர் அவளைக் கூப்பிட்டார். அவள் முதலில் சாடியில் காதை வைப்பாள். உள்ளே சீறல் நின்றிருக்க வேண்டும். எரிகிற குச்சியைச் சாடியின் வாய்க்குள் இறக்குவாள். அணைந்தால் இன்னும் ஆகவில்லை. பிறகு அரைக் கரண்டி எடுத்து மோந்து, நாக்கில் உருட்டி, கொஞ்சம் விழுங்கிவிட்டு மீதியைத் துப்புவாள். முதலில் வெல்லம், அடுத்து வேரின் கசப்பு, அதன் பின்னால் பூவின் துவர்ப்பு, கடைசியில்தான் சூடு. இந்த வரிசை மாறக் கூடாது. மாறாதிருந்தால் சாடியின் தோளில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போடுவாள். அந்த வட்டம் இல்லாமல் எந்த மருந்தும் குப்பிக்குப் போகாது.

1957இல் வைத்தியரின் மச்சினன் நல்லக்கண்ணு விற்பனையைப் பார்க்க வந்து சேர்ந்தான். சுறுசுறுப்பான ஆள். ஆறே மாதத்தில் சுரண்டையிலும் தென்காசியிலும் நாலு கடைக்காரர்கள் டஜன் கணக்கில் அரிஷ்டம் கேட்டார்கள். அவ்வளவு பிள்ளைப்பேறா நடக்கிறது என்று இராமலட்சுமிக்குத் தோன்றத்தான் செய்தது. அவள் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒன்பது சாடி திறந்தார்கள். மூன்றாவது சாடியில் அவள் நாக்கு நின்றது. வெல்லத்துக்கு முன்னாலேயே சூடு வந்தது. அடிநாக்கில் பற்றாமல் மூக்கின் வழியாக மேலே ஏறியது. ஆறாவதிலும் ஏழாவதிலும் அதுவேதான்.

"இந்த மூணுக்கும் குறி போட மாட்டேன் அண்ணாச்சி. இதுல ஸ்பிரிட்டு கலந்திருக்கு" என்றாள்.

நல்லக்கண்ணு சிரித்தான். "அரிஷ்டம்னா சுள்ளுன்னுதான் இருக்கும். கடைக்காரன் அதைத்தான் கேக்கான். நீ வட்டத்தைப் போடு."

"போட மாட்டேன்."

அவனே சுண்ணாம்பை எடுத்து மூன்று சாடியிலும் வட்டம் போட்டான். அவள் ஈரத்துணியால் அழித்தாள். அவன் மறுபடி போட்டான். அவள் மறுபடி அழித்தாள். வேர் இடிக்கிறவர்கள் உலக்கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் தடவை அவன் துணியைப் பிடுங்கி எறிந்தான். அவள் முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டு, நேரே வைத்தியரிடம் போய்ச் சொன்னாள்.

வைத்தியர் நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் மச்சினனைப் பார்த்தார். நல்லக்கண்ணு குரலை உயர்த்தாமல் சொன்னான். "குடிச்சுக் கண்ணு போன புருஷனை வச்சிருக்கவ அத்தான். அவளுக்கு எதைக் குடிச்சாலும் ஸ்பிரிட்டாத்தான் தெரியும்."

அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. ஒருவேளை அப்படித்தானோ என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. தோன்றியதாலேயே அவள் நிமிர்ந்தாள். "நாளைக்குக் காலையில சோதிச்சுப் பாருங்க ஐயா. எது எந்தச் சாடின்னு எனக்குத் தெரியவேண்டாம். தப்பாச் சொன்னா நான் வேலையை விட்டுப் போயிருதேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது குற்றாலிங்கம் கயிறு திரிப்பதை நிறுத்தவில்லை. திரித்துக்கொண்டே கேட்டான்.

"அந்த வாடை உனக்கு எப்படிட்டி அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?"

"நீங்க அன்னைக்கு வந்து படுத்தீங்கல்லா. விடியிற மட்டும் உங்க மூச்சைத்தானே மோந்துகிட்டுக் கிடந்தேன்."

அவன் கை நின்றது. "அப்ப விடாத" என்றான்.

மறுநாள் காலை வைத்தியர் தன் கையாலேயே பத்துக் கிண்ணங்களில் ஊற்றினார். எது எந்தச் சாடி என்று அடியில் சீட்டு ஒட்டியிருந்தார். அவர் ஊற்றி முடிக்கும்வரை இராமலட்சுமி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெந்நீரில் வாய் கொப்பளித்தாள். ஐந்து கிண்ணங்களை வலப்பக்கம் நகர்த்தினாள். ஒன்றைத் தனியே வைத்து, "இது நல்லதுதான். ஆனா இன்னும் பத்து நாள் அடைச்சு வைக்கணும்" என்றாள். மூன்றை இடப்பக்கம் தள்ளினாள். கடைசிக் கிண்ணத்தில் வெகுநேரம் நின்றாள். ஒரு தடவை மோந்து வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தாள்.

"இது சாடியில இருந்து எடுத்தது இல்ல, குப்பியில கிடந்தது. இதுலயும் இருக்கு. மத்த மூணையும்விடக் கூட இருக்கு."

வைத்தியர் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். இடப்பக்கத்து மூன்றும் மூன்று, ஆறு, ஏழு. கடைசிக் கிண்ணத்தில் சீட்டே இல்லை. அது அவர் வீட்டு அலமாரியிலிருந்து கொண்டுவந்தது. அவருடைய மகள் செண்பகவல்லி பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. அவளுக்கென்று போன மாதம் எடுத்து வைத்த குப்பி. அது சுத்தமானது என்றே அவர் நம்பினார். அதையும் ஸ்பிரிட்டு என்று சொன்னால் இவள் நாக்கில்தான் கோளாறு என்று முடிவு செய்துவிடலாம் என நினைத்திருந்தார்.

அவர் நல்லக்கண்ணு பக்கம் திரும்பினார். "வீட்டுக்கு எடுத்து வச்ச போன மாசக் குப்பியிலயுமாலே?"

நல்லக்கண்ணு சீட்டில்லாத கிண்ணத்தைப் பார்த்தான். "சாடியில போடல அத்தான். குப்பியில ஊத்தும்போதுதான்... அதுல ஒண்ணு வீட்டுக்குப் போகும்னு எனக்குத் தெரியாது."

"அது என்ன ஸ்பிரிட்டு அண்ணாச்சி? எந்தப் பட்டறையில வாங்குனது?" என்று இராமலட்சுமி கேட்டாள்.

அவன் வாங்கிய ஆளின் பெயரைத்தான் சொன்னான். அது என்ன என்று அவனுக்கே தெரியவில்லை.

வைத்தியர் செருப்புக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினார். நல்லவேளை, செண்பகவல்லி அதை ஒரு மிடறுக்கு மேல் குடிக்கவில்லை. நெஞ்சு எரிகிறதென்று முதல் நாளே நிறுத்தியிருந்தாள். அப்பாவிடம் சொல்லப் பயந்து தினமும் ஒரு மூடியளவு ஜன்னல் வழியே கொட்டியிருக்கிறாள்.

மூன்று சாடியும் அன்றே சாக்கடைக்குப் போயின. அடுத்த நாலு நாளும் வைத்தியரும் இராமலட்சுமியும் விற்ற குப்பிகளைத் திரும்ப வாங்க பஸ் ஏறித் தென்காசிக்கும் சுரண்டைக்கும் போனார்கள். ஒரு கடைக்காரர் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். அவள் ஒரு குப்பியைத் திறந்து அவரிடமே நீட்டி, "உங்க வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பீங்களா, சொல்லுங்க, நாங்க போயிருதோம்" என்றாள். அவர் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். கடைகளுக்குப் போயிருந்த எண்பது குப்பியில் ஐம்பத்தொன்றுதான் திரும்பி வந்தது. மற்றவை யார் வயிற்றுக்குப் போயின என்று தெரியவில்லை. அது அவளை வெகுநாள் அரித்தது.

நல்லக்கண்ணு ஊரைவிட்டுப் போனான். வைத்தியர் அவளைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"குப்பியில ஊத்துத அறைச் சாவி என் இடுப்புல இருக்கணும்" என்றாள்.

கொடுத்தார். கார்த்திகையில் எட்டுச் சாடி திறந்தபோது இரண்டை அவள் ஒதுக்கினாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

1963இல் மருந்துச் சோதனைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மருந்தைப் பரிசோதிப்பது யார் என்று கேட்டார்கள். வைத்தியர் இராமலட்சுமியைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"கடையத்துல மூணாங்கிளாசு."

இளைய அதிகாரி பேனாவை மூடப் போனார். வைத்தியர், "எழுதுங்க, அவதான்" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். தன் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறாரா என்று இராமலட்சுமி குனிந்து எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த சாடியைத் திறக்கப் போனாள்.