கலர் போடாமல் பார்த்த கட்டி

திருப்பூரில் ஸ்கேன் சென்டருக்கு ஞாயிறுதான் திருவிழா. மற்ற நாளில் லீவு கிடைக்காது என்று கம்பெனி ஆட்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கூட்டம் நகர வேண்டுமே என்று, ரத்த ஓட்டத்தைக் கலரில் காட்டும் டாப்ளர் பட்டனை ஞாயிறன்று நான் தொடவே மாட்டேன். முப்பது வருட ரேடியாலஜிஸ்ட், என் கண்ணுக்குத் தெரியாததா என்ற கொழுப்பு வேறு.

அப்படி ஒரு ஞாயிறு, சேவூரிலிருந்து சரஸ்வதி வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, நாற்பத்தைந்து வயது. கணையத்தை ஒட்டி எலுமிச்சை அளவில் கறுப்பாக ஓர் உருண்டை தெரிந்தது. கட்டி, புற்றுநோயாக இருக்கலாம், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ரிப்போர்ட் எழுதினேன். மறுநாள் காலை அந்த ஊசியை நானே போடுவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை டேபிளில் படுத்த பிறகு, இன்னொரு தடவை ஸ்கேன் பார்க்கச் சொன்னார். நேற்றுதானே பார்த்தேன் என்று எரிந்து விழுந்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"எங்க செக்கிங்ல ஒருத்தரு டேமேஜுன்னு ஸ்டிக்கர் ஒட்டுனாலும், இன்னொருக்கா பாக்காம அந்தப் பீஸ வெட்ட உடமாட்டமுங்க. இது என்ற வயிறுங்க சார்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த அம்மாவுக்குக் காட்டிவிடுகிறேன் என்று ஸ்கேன் ப்ரோபை வயிற்றில் வைத்து, டாப்ளரையும் தட்டினேன். உருண்டை முழுக்கச் சிவப்பும் நீலமுமாக ரத்தம் சுழன்றது. அது கட்டியே இல்லை. மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. ஊசி இறங்கியிருந்தால் உள்ளேயே ரத்தம் கொட்டி, என் டேபிளிலேயே அவர் உயிர் போயிருக்கும். ஊசி ட்ரேயை எடுத்துப் போகச் சொன்னேன்.

அன்றே கோவைக்கு அனுப்பினோம். தொடை வழியாக மெல்லிய டியூப் விட்டு, வீக்கத்தை உள்ளிருந்தே அடைத்துவிட்டார்கள். வயிற்றில் கத்தியே வைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சீப்பு பூவன் பழத்தோடு வந்து நின்றார். நான் எழுதின ரிப்போர்ட் தப்பும்மா, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"அட உடுங்க சார். நாஞ் சொன்னேன்னு மறுக்காப் பாத்தீங்களே, எத்தன டாக்டரு பாப்பாங்க?"

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, ஊசி எடுக்கும் முன் எந்த உருண்டைக்கும் கலர் போட்டுப் பாருங்கள், ஞாயிறாக இருந்தாலும். சரஸ்வதி அன்று தன் உயிரை மட்டுமா காப்பாற்றினார், என்னையும் சேர்த்தல்லவா காப்பாற்றினார். அந்த நன்றி நான் சாகும்வரை இருக்கும். ஆனால் அன்று நான் மறுபடி பார்த்தது அவர் சொல்லை மதித்து அல்ல, அவர் வாயை அடைக்க. அதை மட்டும் அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.