பவுடர் நனையும் இடம்

எண்ணெய் ஒழுகும் வண்டி எது வந்தாலும் முதலில் அதைக் குளிப்பாட்டி, துவட்டி, பவுடர் பூசிவிடுவார் என்பதால் அவருக்குப் பவுடர்காரர் என்று பெயர் வந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் என்ஜினின் அடிப்பக்கம் முழுக்கத் துடைப்பார். காயவிடுவார். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை உள்ளங்கையில் கொட்டி, குழாய், மூட்டு, பம்ப் என்று எல்லாவற்றின் மீதும் ஊதுவார். வண்டியை ஓடவிட்டு, டார்ச்சோடு மல்லாந்து படுத்துக்கொள்வார்.

"ஈரம் இருக்கிற இடம் வேற, ஈரம் பிறக்கிற இடம் வேற," என்பார். எண்ணெய் எங்கோ கசிந்து, எங்கோ வழிந்து, எங்கோ சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்துக் கைவைப்பவன் வாலைப் பிடித்துக்கொண்டு தலை என்பான். பவுடர் பொய் சொல்லாது. எந்த இடத்தில் முதலில் நனைகிறதோ அங்கேதான் வியாதி.

இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கெட்டுப்போன வண்டிகள்தான் சொல்லிக்கொடுத்தன.

அவருடைய பட்டறைக்கு வரும் வண்டிகளிலேயே வயதானது அவருடைய அக்காவின் வண்டி. அக்கா தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பவள். விரிப்புகளை அழுத்தும் உருளையில் ஒருமுறை வலது கை சிக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த விரல்கள் மூடவேயில்லை. அத்தானும் காலமாகிவிட்ட வீட்டில், தனியாக உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தம்பிதான் இந்த வண்டியைத் தேடிப் பிடித்தார். கியர் தானாக மாறும். பவர் ஸ்டீரிங் உண்டு. ஸ்டீரிங் வளையத்தில் மேசை இழுப்பறையின் மரக்குமிழ் ஒன்றை இறுக்கிக் கொடுத்தார். இடது கையால் அந்தக் குமிழைப் பிடித்துச் சுற்றினால் போதும், வண்டி பூனைபோல் திரும்பும். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அவள் விடுதி விடுதியாகப் போகத் தொடங்கினாள். முகத்தில் பழைய களை வந்தது. வாயும் வந்தது.

அந்த வாயோடுதான் ஒருநாள் காலை பட்டறைக்குள் நுழைந்தாள்.

"ஏன்டா, நீ வாங்கிக் குடுத்த வண்டி என்னைவிட அதிகமா முனகுது. திருப்பினா போதும், பிரசவ வலி வந்த மாதிரி கத்துது."

பானெட்டைத் திறந்தார். ஸ்டீரிங் எண்ணெய்ச் சட்டியில் அளவு கீழே கிடந்தது. துடைத்தார், பவுடர் போட்டார். அக்காவை உட்கார வைத்து ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னார்.

"கோடியிலயே பிடிச்சு வெச்சுக்காதே அக்கா, பம்ப் திணறும். தொட்டதும் திருப்பு."

"தொட்டதும் திருப்புறதா? உன் பொண்டாட்டிகிட்ட நீ நடந்துக்கிற மாதிரியா?"

பம்பிலிருந்து கிளம்பும் குழாயின் மூட்டில் பவுடர் கறுத்தது. குழாயையும் அதன் ரப்பர் வளையத்தையும் மாற்றினார். முன்சக்கரங்களைத் தூக்கிவைத்து, என்ஜினை அணைத்து, சட்டியில் குமிழிகள் நிற்கும்வரை ஸ்டீரிங்கைத் திருப்பித் திருப்பிக் காற்றை வெளியேற்றினார். முனகல் போயிற்று. அக்காவும் போனாள்.

சில நாளில் மறுபடி வந்தாள். அதே முனகல். இம்முறை பம்பின் தண்டைச் சுற்றி நனைந்தது. பம்பைக் கழற்றி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை மாற்றினார். கழற்றிய சீல் கொழகொழவென்று இருந்தது. வயசாச்சு, வேறென்ன என்று, பழைய வளையம் கிடந்த தகர டப்பாவில் அதையும் போட்டார்.

மூன்றாவது முறை அவள் வந்தபோது வாய் இல்லை.

"தம்பி, பெரிய லாட்ஜ் மேனேஜர் சொல்லிட்டான். இன்னொரு தடவை விரிப்பு நேரத்துக்கு வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்குவானாம். அவன் போனா மத்தவங்களும் போயிடுவாங்க. எனக்கு வீட்டுக்குள்ள உக்காரத் தெம்பில்லைடா. உக்காந்து பாத்தாச்சு."

"உக்கார மாட்டே," என்றார்.

இப்போது குழாய் காய்ந்திருந்தது, பம்பும் காய்ந்திருந்தது. ஆனால் சக்கரங்களை இணைக்கும் ராக்கின் முனையிலிருந்த ரப்பர் உறை உப்பியிருந்தது. பட்டையைத் தளர்த்தியதும் எண்ணெய் அவர் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது. ராக்கைக் கழற்றி, உள்ளே இருந்த சீலை எடுத்து, டப்பாவிலிருந்த பழைய வளையத்தையும் பம்பின் சீலையும் அதன் பக்கத்தில் வைத்தார். மூன்றும் ஒன்றுபோல் ஊறி, பருத்து, அழுத்தினால் நகம் பதியும்படி இருந்தன. வயதானால் ரப்பர் இறுகும், வெடிக்கும், இப்படி வீங்காது. எண்ணெயை முகர்ந்தார். விரலில் தேய்த்தார். மறுபடி முகர்ந்தார்.

"அக்கா, சட்டியில என்ன ஊத்தினே?"

"நீ குடுத்ததைத்தான். அளவு குறையவே விடாதேன்னு நீதானே சொன்னே? வழியில முனகிச்சு, பின்கண்ணாடி ஓரத்துல இருந்த பாட்டில்ல இருந்து ஊத்தினேன். ஒரு தடவை இல்லை, மூணு நாலு தடவை."

பட்டறையில் எதையும் வீணாக்கமாட்டார் அவர். மீந்த எண்ணெய்களைக் கழுவிய பாட்டில்களில் ஊற்றி, கழுத்தில் நூல் கட்டிவைப்பார். ஸ்டீரிங்குக்குச் சிவப்பு நூல், பிரேக்குக்கு வெள்ளை நூல். எழுத்து அழியும், நூல் அழியாது என்பது அவர் கட்சி. அக்காவுக்கும் அப்படி வகைக்கு ஒன்றாக இரண்டு பாட்டில் கொடுத்திருந்தார்.

வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். பின்கண்ணாடியை ஒட்டி, வெயில் முழுதும் விழும் இடத்தில் இரண்டு பாட்டில்களும் நின்றன. இரண்டின் கழுத்திலும் வெள்ளை நூல். ஒன்றின் முடிச்சை நகத்தால் பிரித்தார். வெயில் படாத முடிச்சுக்குள்ளே மட்டும் சிவப்பு வெளுக்காமல் இருந்தது. அந்தப் பாட்டில் நிறைந்தபடியே இருந்தது. மற்றது, பிரேக் எண்ணெய்ப் பாட்டில், காலி.

"நான்தான் தப்பா எடுத்துட்டேனா?" என்றாள் அக்கா பின்னாலிருந்து.

"இல்லை. நான்தான் தப்பா கட்டினேன்." நூலை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

பிரேக் எண்ணெய் அந்த ரப்பருக்கு விஷம். எண்ணெய் ஓடும் பாதை முழுவதையும் கழுவினார். கிடைத்த சீல்களையெல்லாம் புதிதாகப் போட்டார். ராக்கின் தண்டை மட்டும் எதிர்த்த கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனார். கடைசல்காரர் அதை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

"பவுடரு, இதுல கை வெச்சுப் பாரு."

விரலில் நெருடியது. முன்பு எப்போதோ பழைய உறை கிழிந்திருந்தபோது தண்ணீர் புகுந்து, தண்டில் துருக்குழிகள் விழுந்திருந்தன. பருத்த சீல் இத்தனை நாள் அதையும் மூடிக்கொண்டிருந்தது.

"தேய்க்கலாமா?"

"தேய்ச்சா தண்டு மெலியும், ஒழுகும். தேய்க்காட்டி சீலை அறுக்கும், ஒழுகும். எப்படிச் செத்தா என்ன? வேற ராக்கு தேடு."

தேடினார். பழைய இரும்புக் கடைகளில் அந்த மாதிரி வண்டிகளை நசுக்கி அனுப்பி வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு கடையில் ஒன்று கிடைத்தது. தூக்கும்போதே அதன் உறைக்குள் எண்ணெய் குலுங்கியது. பழைய தண்டையே மாட்டிப் பார்த்தார். பவுடர் அன்று மாலைக்குள் நனைந்தது.

மிச்சம் ஒரே வழிதான். பம்பின் பெல்ட்டைக் கழற்றி, ராக்குக்குப் போகும் இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். இனி எண்ணெயின் துணை இல்லை. கை பலத்தில் திரும்பவேண்டும்.

அக்கா வந்து ஏறினாள். குமிழைப் பிடித்தாள். நின்ற வண்டியில் வளையம் அசையவில்லை. உருட்டிக்கொண்டே திருப்பச் சொன்னார். வாசலைத் தாண்டித் தெருமுனை வரை போனாள். அங்கே இடது கையோடு நெஞ்சையும் வளையத்தில் சாய்த்து, மூடாத வலது கையை வளையத்தின் குறுக்குக் கம்பிக்குள் நுழைத்து இழுத்தாள். வண்டி பாதி திரும்பி எதிர்ச்சுவரின் முன்னால் நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

அவர் ஓடிப்போய் ஓட்டி வந்தார். அவருக்கே தோள் வலித்தது.

"காலையில நான் ஓட்டுறேன் அக்கா."

"காலையில ஓட்டுவே. மத்தியானம் யாரு, சாயங்காலம் யாரு? உன் பட்டறையில பூனையா ஸ்பேனர் பிடிக்கும்?" சிரிக்கப் பார்த்தாள். "லாட்ஜ்காரன் நேத்தே வேற ஆள் வெச்சுட்டான்டா. சொன்னா நீ வேலையைப் பாதியில விட்டுடுவேன்னுதான் சொல்லலை."

குமிழைத் திருகித் தரச் சொன்னாள். வீட்டில் இழுப்பறை ஒன்று குமிழ் இல்லாமல் கிடக்கிறதாம். திருகிக் கொடுத்தார். அதை இடது கையில் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

அவர் பழக்கம் விடாமல் துணியை எடுத்து வண்டியின் அடியைத் துடைத்தார், பவுடர் ஊதினார், என்ஜினை ஓடவிட்டுக் கீழே படுத்தார். வெகுநேரம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கும் ஒரு சொட்டு இல்லை. போட்ட பவுடர் போட்டபடி வெள்ளையாக இருந்தது.