கடுப்பும் ஆயாசமும்

சென்ற வாரம் வாய்ப்புண்ணுக்காக பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை வாங்கிவந்து அட்டையைப் பிரித்தேன். அந்த வாசனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் மட்டும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். பதினோரு வருஷம் அந்த வாசனைக்கு நடுவில்தான் மதியச் சோறு சாப்பிட்டேன்.

ஆந்திராவில் நகரிப் பக்கம், தமிழ் பேசுகிற ஒரு சின்ன ஊரில், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் வேலை. உத்தரவுக் காகிதத்தில் பார்மசிஸ்ட் என்று இருந்தது. ஊரார் வாயில் நான் மாத்தரக்கா. அசதி, கிறுகிறுப்பு, பசியில்லை என்று யார் வந்தாலும் பெரிய டப்பாவைத் திறந்து இந்த மாத்திரையில் பத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். கை தானாகவே அந்த டப்பாவுக்குப் போய்விடும்.

டாக்டர் குண்டூர்ப் பக்கத்துக்காரர். இளவயது, கெட்டிக்காரர். தமிழ் மட்டும் சுத்தமாகத் தெரியாது. எங்கள் ஊர்க்காரர்கள் சந்தையிலும் தாலுகா ஆபீசிலும் தெலுங்கில் வெளுத்து வாங்குவார்கள். நோவு என்று வந்துவிட்டால் போதும், வாயில் தமிழ்தான் வரும். அதென்னவோ, நானும் அப்படித்தான். இரண்டு பிள்ளைகளையும் தமிழில் கத்தித்தான் பெற்றேன்.

அறுபதைத் தாண்டிய பாக்கியம்மா ஒருநாள் வந்து, "காலெல்லாம் ஒரே கடுப்பு சார்" என்றாள். டாக்டர் அப்போதெல்லாம் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் எழுதுவார். அவர் காதில் விழுந்தது தெலுங்கு 'கடுபு'. அது வயிறு. பிள்ளை உண்டாகியிருப்பதற்கும் அதே சொல்தான். "என்னி நெலலு?" என்று கேட்டார். எத்தனை மாதம் என்பது பாக்கியம்மாவுக்குப் புரிந்தது. கால் வலி ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. "ஆறு நெலலு சார்" என்று சொல்லிவிட்டாள்.

சீட்டு என் ஜன்னலுக்கு வந்தது. இரும்புச்சத்து மாத்திரை, ஸ்கேன், அடுத்த செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் முகாமுக்கு வரவேண்டியது. நான் சிரித்த சிரிப்பில் எண்ணிக்கொண்டிருந்த மாத்திரையெல்லாம் கீழே கொட்டிவிட்டது. விஷயம் தெரிந்ததும் பாக்கியம்மா, "இந்த வயசுல எனுக்கு இது தேவையாடி" என்று என்னைவிடப் பெரிதாகச் சிரித்தாள். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் டாக்டர் தன் மேசைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். ஆளின் முகத்தைப் பார்க்காமல் எழுதுவதையும் அன்றோடு விட்டார். பத்துப் பேர் சொல்வதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு, எழுந்துபோய் அந்தப் பத்துப் பேருக்கும் மாத்திரை கொடுப்பேன். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். மாமியார் சண்டையில் தொடங்கி முதுகுவலியில் முடியும் கால் மணி நேரக் கதையை இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுவேன். என்னைவிட்டால் இந்த ஆஸ்பத்திரியே இல்லை என்கிற நினைப்பு.

அந்த நாற்காலியில் நான் இருந்தபோதுதான் கோமதி வந்தாள். இருபத்தாறு வயது. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை.

"கொஞ்சம் வேல செஞ்சாலும் ஆயாசமா கீதுக்கா" என்றாள்.

"அலசட, சார்" என்றேன். அசதி என்று அர்த்தம். சொல்லும்போதே பி-காம்ப்ளக்ஸ் டப்பாவுக்குப் போக எழுந்துவிட்டேன்.

டாக்டர் உட்காரச் சொன்னார். அந்தப் பெண் ஆயாசம் என்றல்லவா சொல்கிறாள், என்றார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. "உங்க தெலுங்குல ஆயாசம்னா மூச்சு வாங்கறது சார். எங்க தமிழ்ல வெறும் அசதிதான்" என்று அவர் பாஷையிலேயே பாடம் எடுத்தேன். அவர் சிரித்தார். "சரி டீச்சரம்மா, அவள் சொல்லிவிட்டாள், என் காதில் விழுந்துவிட்டது. ஒருமுறை பார்த்துவிடுகிறேன்" என்று ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார்.

வெகு நேரம் வைத்துக் கேட்டார். அவளை இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடியும் கேட்டார். பிறகு சிரிப்பில்லாமல், படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"ரெண்டு மாசமா உக்காந்துகினுதானேக்கா தூங்கறேன்" என்றாள்.

"ஏன்டி சொல்லல?"

"நீ எங்க கேட்ட? அதுக்குள்ள எழுந்துட்ட."

எனக்கு முகம் செத்துவிட்டது. இதயத்தில் வால்வு ஒன்று சுருங்கியிருக்கிறது, திருப்பதி பெரியாஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் ஆள் தங்காது என்றார் டாக்டர். "தக்காளி பறிக்கற சமயம், வேற ஆள் வெச்சிடுவாங்க" என்று அவள் மழுப்பினாள். கையைப் பிடித்து நானே பஸ் ஏற்றினேன். பெரியாஸ்பத்திரியில் அவளுடைய வெள்ளை ரேஷன் கார்டை, ஏழைகளுக்குக் கொடுப்பதை, காட்டி, வரிசை வரிசையாக நின்று, கேட்டதற்கெல்லாம் பாதியில் வெட்டாமல் அவள் சொன்னதை முழுசாகச் சொன்னேன். தொடை வழியாகக் குழாய் விட்டு, உள்ளே பலூன் வைத்து வால்வை விரித்துவிட்டார்கள். கண் திறந்ததும் அவள் கேட்டது, "ஊதன பலூன வெளிய எட்த்துட்டாங்களாக்கா?" நர்சுகள் உட்பட வார்டே சிரித்தது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

டாக்டர் மாற்றலாகிப் போய் வெகு காலமாகிறது. எனக்கும் வேறு ஊருக்கு உத்தரவு வந்து, இப்போது ஓய்வும் பெற்றாயிற்று. அந்தக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். டாக்டர் மேசைக்குப் பக்கத்தில் என் நாற்காலி கிடையாது. கோமதி தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டு வந்து போனில் சொன்னாள்: "இப்பல்லாம் டாக்டரு செல்லுபோன முன்னால வெக்கறாருக்கா. நாம தமிழ்ல சொன்னா அது தெலுங்குல சொல்லுது. ஒரு வார்த்த தப்பில்ல."

நல்லதுதானடி என்றேன். நல்லதுதான். அவள் ஆயாசம் என்று வந்த அன்றைக்கு நானும் ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை.