சத்தம் வராத சாமை மிஷின்

போன வாரம் செங்கத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். புது டிவியில் லேப்டாப்பைச் சொருகி வளைகாப்பு வீடியோ பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். படம் டிவியில் வந்தது. சத்தம் மட்டும் லேப்டாப்பின் அடிவயிற்றிலிருந்து கொசு மாதிரி வந்தது. திரையின் கீழ் மூலையிலிருந்த ஸ்பீக்கர் படத்தை அமுக்கி, டிவியின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். நாதஸ்வரம் வீட்டையே தூக்கியது. இன்ஜினியர்னா இன்ஜினியர்தான் என்றார் மாமா. அந்த அமுக்கு கல்லூரியில் கற்றதல்ல என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

படிப்பு முடிந்ததும் கிடைத்த வேலை, ஜவ்வாது மலை ஊர்களில் சாமை உடைக்கும் மிஷின் வைத்துக் கொடுப்பது. புதூர்நாட்டுப் பக்கம் ஓர் ஊரில், காசியம்மா என்ற அக்கா மிஷினை ஓட்டப் பெயர் கொடுத்திருந்தார். மலைக்குக் கீழே போய்ப் பயிற்சியும் எடுத்திருந்தார். பொம்பளை ஓட்டுவதா என்று ஆண்களுக்கு யோசனை. ஊர் கூடி வேண்டாமென்றால் மிஷின் அடுத்த ஊருக்குப் போய்விடும். அக்கா பழையபடி உரலுக்குப் போக வேண்டியதுதான். அதனால் வேறோர் ஊரில் பெண்கள் மிஷின் ஓட்டுவதைப் படம் பிடித்து, நானே குரல் கொடுத்து, ஒரு வீடியோ செய்திருந்தேன்.

பட்டியல் போடாமல் நான் பல்கூடத் துலக்க மாட்டேன். அன்றைய பட்டியலில் பதினேழு வரிகள். லேப்டாப், வயர், மாற்று வயர், அந்த மாற்று வயருக்கும் ஒரு மாற்று வயர். இன்றைக்கும் புது வயரின் பிளாஸ்டிக் வாசனை பட்டால் எனக்குப் புளி ஞாபகம்தான் வரும். அந்த ஊர்ப் பொதுக் கட்டடத்தில் டிவிக்குக் கீழேயே புளியைக் குவித்து வைத்திருந்தார்கள்.

படம் பளிச்சென்று வந்தது. சத்தம் வரவில்லை. டிவியை நூறுக்கு ஏற்றினேன். மூன்று வயரையும் மாற்றினேன். மூன்று முறை அணைத்துப் போட்டேன். லேப்டாப் முனகியது முதல் வரிசைக்கே கேட்கவில்லை.

"இன்னா பாப்பா, ஊமப் படமா?" என்றார் ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டர்.

நான் நான்காம் முறை அணைக்கப் போனபோது காசியம்மா அக்கா எழுந்து வந்து டிவி பக்கத்தில் நின்றார். அணைக்காதே என்று எனக்குக் கை காட்டிவிட்டு, அவரே சொல்ல ஆரம்பித்தார். இது கல் பொறுக்குவது, இது உமி பறக்கும் வழி, மொத்தமாகக் கொட்டினால் மிஷின் வாயடைத்துக்கொள்ளும். பின்னாலிருந்து அவருடைய மாமன் முறைக்காரர் ஒருவர் வம்புக்கு இழுத்தார்.

"சேல மாட்டிக்கினா இன்னாடி பண்ணுவ?"

"சேலய இடுப்புல சொருவிக்கினு நிப்பேன் மாமா. நீ ஓட்னா உன் வேட்டிய யாரு புடிக்கறது?"

பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, தரையைப் பார்த்தபடி, ஆண்கள். கவுண்டர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கேள்வி. நொய் விழுமா, பெல்ட் அறுந்தால் யார் போடுவது, யார் மூட்டை முதலில். எல்லாவற்றுக்கும் அக்கா பதில் சொன்னார். நான் கழுத்தில் வயரைப் போட்டுக்கொண்டு நின்றேன், பாம்பாட்டி மாதிரி.

"அதான் எல்லாத்தயும் சொல்லிக்கினு கீதே. மிஷின் சாவிய அதுங்கிட்டயே குடு" என்றார் கவுண்டர்.

எல்லோரும் போனபின் லேப்டாப்பை மூடப் போகையில்தான் மூலையிலிருந்த அந்த ஸ்பீக்கர் படம் கண்ணில் பட்டது. அமுக்கினேன். "பயனாளிகளின் கனிவான கவனத்திற்கு" என்று என் குரல் காலிக் கட்டடத்தில் முழங்கியது. எனக்கே கொட்டாவி வந்தது. அறிக்கையில் ஒலி, ஒளி ஏற்பாடு திருப்தி என்று எழுதினேன்.

இப்போது அந்தக் கட்டடத்தில் டிவி இல்லை. எந்த ஊரும் கூடி உட்கார்ந்து வீடியோ பார்ப்பதில்லை. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறேன், அவரவர் போனில் சத்தம் துல்லியமாக வருகிறது. போன மாதம் மலையில் வேறோர் ஊரில் ஒரு பெண் மிஷின் ஓட்டப் பெயர் கொடுத்திருந்தாள். எல்லோரும் பார்த்துவிட்டதாக நீல டிக் காட்டியது. அன்று சாயங்காலமே வேண்டாம் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. யார் என்ன கேட்டார்கள் என்று தெரியவில்லை. கேட்டிருந்தாலும், எழுந்து நின்று பதில் சொல்ல அவளுக்கு ஓர் இடம் இருக்கவில்லை.