பூச்சியின் சேலைக் கயிறு

செல்லத்தாயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் மேல்தான் கோபம் வருகிறது. அதனால் என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பெத்தணன். தபால் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்த முத்தான கையெழுத்தில்தான் அவளுக்கு எதிராக மனு எழுதினேன்.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டை அணைக்குக் கீழே, வைப்பாற்றின் கரையில் இருக்கிறது. ஆறு என்று பேர்தான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலும் கருவேலமும்தான் தெரியும். ஆனால் கரையோடு ஒரு வண்டிப்பாதை போகிறது. மேடு பள்ளம் கிடையாது, லாரிப் புகை கிடையாது. அரசமரத்திலிருந்து உடைந்த தடுப்பணை வரை மூச்சு வாங்காமல் போய்த் திரும்பலாம். காலையில் நாங்கள் பதினாலு பேர் அதில் நடப்போம். பேச்சுத்தான் அதிகம், நடை கம்மி. காளீஸ்வரன்தான் எங்களுக்குத் தலைவர். பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மேனேஜர். நான் செயலாளர். நடப்பதற்கு எதற்குத் தலைவரும் செயலாளரும் என்று இப்போது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

செல்லத்தாய்க்கு அந்தப் பாதை பொழுதுபோக்கு இல்லை, மருந்து. இருபத்திரண்டு வருஷம் அதே கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்தும் அறையில் இருந்தவள். வலது கையில் இரண்டு விரல் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கும். அலுமினியத் தூளைச் சுவாசித்துச் சுவாசித்து நெஞ்சு கெட்டுவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டாள். தினமும் முக்கால் மணி நேரம் சமதரையில் நட, ரோட்டோரம் நடக்காதே, நடப்பதை நிறுத்தினால் படுத்துவிடுவாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் சமதரையும் சுத்தமான காற்றும் சேர்ந்தாற்போல் கிடைப்பது அந்தக் கரையில் மட்டும்தான்.

அவளோடு பூச்சி வரும். பூச்சி என்பது நாய். தாய் ராஜபாளையம், தகப்பன் யார் என்று தெருவுக்குத்தான் தெரியும். இடுப்புயரம், வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. செல்லத்தாய்க்கு மூச்சு முட்டினால் அது நின்றுவிடும். அவள் மூச்சு திரும்பிய பிறகுதான் நடக்கும். யாரையும் கடித்ததில்லை. ஏன், குரைத்தும் நான் கேட்டதில்லை.

அதைக் கட்டியிருந்த கயிற்றைச் சொல்ல வேண்டும். பழைய நூல் சேலையை மூன்றாகக் கிழித்துச் சடை போட்டுத் திரித்தது. இரும்புச் சங்கிலியை அவள் வீட்டுக்குள்ளேயே விட்டதில்லை. மருந்து அறைக்குப் போகிறவர்கள் இரும்பு எதையும் கொண்டுபோகக் கூடாது. உரசினால் பொறி வரும். பொறி வந்தால் அறையோடு ஆளும் போச்சு. வேலையை விட்டும் அந்தப் பயம் அவளை விடவில்லை. இன்றைக்கும் தலையில் கொண்டை ஊசி கிடையாது. வீட்டுச் சாவியைக்கூடத் துணியில் சுற்றித்தான் வைத்திருப்பாள்.

போன தீபாவளி சீசன் முடிந்து பத்து நாள் இருக்கும். தடுப்பணைக்கு முன்னால் மணல் அள்ளிய பெரிய குழி ஒன்று பாதையை ஒட்டி இருக்கிறது. அந்தக் குழிக்கு நூறு அடி முன்னாலேயே பூச்சி ஒருநாள் உட்கார்ந்துவிட்டது. இழுத்தாலும் வரவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நாங்கள் வரும்போது செல்லத்தாய் பாதையை மறித்துக் கொண்டு நின்றாள்.

“அண்ணாச்சி, அங்கிட்டுப் போகாதீக. குழிக்குள்ள கழிவு மருந்த கொட்டியிருக்காக. நான் எட்டிப் பாத்தேன். சாக்குச் சாக்கா கிடக்கு, மேல மண்ண தூவி வச்சிருக்காக.”

“நாய் சொல்லுச்சாக்கும்?” என்றார் காளீஸ்வரன். நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். இதை மறைக்கப் போவதில்லை.

“அவன் உக்காந்தான், நான் போயிப் பாத்தேன். கார்த்திக மழ தூறுதுல்ல, ஈரம் பட்டா அந்தத் தூளு தானா சூடேறும். உங்களுக்குத் தெரியாததா மேனேஜரு?”

காளீஸ்வரன் முகம் மாறியதை நான் கவனித்தேன். கவனித்தும் அந்தக் குழியை எட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கழிவு அவருடைய கம்பெனிக் கழிவு என்பது பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பட்டாசு ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த வாடை தெரியாதா? தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் வருகிறவர் போகிறவரையெல்லாம் மறித்துச் சொல்ல ஆரம்பித்தாள். ஆடு மேய்ப்பவர்களிடம் சொன்னாள், துணி துவைக்க வந்த பெண்களிடம் சொன்னாள். ஒரு வாரம்தான் பொறுத்தார் காளீஸ்வரன். எட்டாம் நாள் சாயங்காலம் கூட்டம் போட்டு, நாயால் நடப்பவர்களுக்குத் தொந்தரவு, ஊராட்சிக்கு மனு கொடுக்க வேண்டும் என்றார். பதினாலு பேரும் தலையை ஆட்டினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

“மேற்படி செல்லத்தாய் என்பவர் தமது பெரிய நாயை முறையான இரும்புச் சங்கிலியில் கட்டாமல், பழைய சேலைத் துணியில் திரித்த கயிற்றில் கட்டித் தினமும் அழைத்து வருகிறார். அறுந்தால் யார் பொறுப்பு? எனவே நாயோடு அவர் கரைப்பாதையில் வருவதைத் தடை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

பட்டாசுக் கம்பெனி மேனேஜர் இரும்புச் சங்கிலி வேண்டும் என்கிறார், அதை ஒருத்தன் வாயைத் திறக்காமல் எழுதுகிறான். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பதினாலு கையெழுத்தும் பத்தே நிமிஷத்தில் விழுந்தது. நகல் ஒன்றை அவள் வீட்டுக் கதவில் பசை தடவி ஒட்டியும் வைத்தோம். எம்புட்டுப் பெரிய வீரம்!

அவள் நடப்பதை நிறுத்தவில்லை. குழிக்கு நூறு அடி முன்னால்வரை வருவாள், பூச்சி உட்காரும், திரும்பிப் போவாள். இந்தப் பாதை யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எங்களைக் கண்டால் ஒதுங்கிக்கொள்வாள். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மனு கொடுத்த பதினோராம் நாள் காலை, குழி வெடித்தது. இரவெல்லாம் தூறி, விடிந்ததும் சுள்ளென்று வெயில் அடித்த நாள். சகதிக்குப் பயந்து நாங்கள் பதினாலு பேரும் நடக்கப் போகவில்லை. ஊரே ஆடியது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளில் இரண்டு சிதறிப் போயின. மேய்த்தவர் அவள் பேச்சைக் கேட்டுத் தள்ளி நின்றதால் பிழைத்தார். செல்லத்தாய் வழக்கமான இடத்தில், பூச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையோடு தரையாகக் கிடந்தாள். சிராய்ப்புத் தவிர ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் விசாரணைக்கு அதிகாரி வந்தார். ஊராட்சி அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். காளீஸ்வரன் எழுந்து, கொஞ்சமும் கூசாமல் பேசினார்.

“சார், அங்க யாரோ தெரியாத ஆளுக குப்பைய கொட்டிருக்காங்க. அது தன்னால வெடிக்கல. இந்தம்மா நாய இரும்புச் சங்கிலில கட்டி அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போச்சு. சங்கிலி பாறைல உரசிப் பொறி விழுந்திருக்கு. நாய கொண்டு வராதம்மான்னு நாங்க எல்லாரும் முன்னாடியே சொன்னோம்.”

அதிகாரி செல்லத்தாயைப் பார்த்தார். வழக்கு அவள் மேல் போட்டால் அவளுக்கு அப்புறம் கரை ஏது, நடை ஏது? பூச்சியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நானும் பக்கத்திலிருந்த பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செல்லத்தாய் எழுந்தாள். கோபத்தில் மூச்சு இரைத்தது. இரைப்பு அடங்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

“மேனேஜரு, நீங்க போர்மேனா இருக்கையில ஒருநா என் தலையில ஒத்தக் கொண்ட ஊசி இருந்துச்சுன்னு கேட்டுக்கு வெளிய நிறுத்துனீக. ஞாபகம் இருக்கா? அன்னைக்கு எறங்குன ஊசிதான், இன்ன வரைக்கும் தலையில ஏறல. நானா நாய்க்கு இரும்புச் சங்கிலி போடுவேன்?”

“பேச்சுக்கு என்ன, என்னவும் சொல்லலாம்மா. சாட்சி வேணும்ல,” என்றார் காளீஸ்வரன்.

அவள் இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தாள். கதவில் நாங்கள் ஒட்டிய நகல். ஓரமெல்லாம் பசையோடு பிய்ந்திருந்தது. அதிகாரி சத்தமாகப் படித்தார். “இரும்புச் சங்கிலியில் கட்டாமல், பழைய சேலைத் துணியில் திரித்த கயிற்றில்” என்ற இடத்தில் நிறுத்தி, தேதியைப் பார்த்தார். பிறகு முதல் கையெழுத்தையும் காளீஸ்வரனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது யார் எழுதினது?”

“நான்தான் சார்,” என்றேன். “எழுதினது நிஜம். அந்தம்மா கையில சங்கிலிய ஒருநாளும் நான் பார்த்ததில்ல.” உண்மையைச் சொன்னேன் என்று யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். என் கையெழுத்து மேசையில் கிடக்கும்போது எதைச் சொல்லித் தப்பிக்க முடியும்?

செல்லத்தாயின் பெயரை எடுத்துவிட்டார்கள். அதோடு சரி. குழியில் ஒரு லோடு செம்மண் தட்டினார்கள். கொட்டியவர் யார் என்ற விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள், நடக்கிற வேகத்தைப் பார்த்தால் நாங்கள் பதினாலு பேர் தேவலை. காளீஸ்வரன் இன்னும் மேனேஜர்தான். போன மாதம் ஒருநாள் தடுப்பணைக்கு அந்தப் பக்கம் புதுச் சாக்குகள் கிடந்தன. பூச்சி இப்போது தடுப்பணைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுகிறது.

அன்றைக்கு நான் தனியாகத்தான் நடந்தேன். செல்லத்தாய் என்னைப் பார்த்து ஒதுங்கவில்லை.

“உங்க கையெழுத்து நல்லா இருக்கு அண்ணாச்சி. எனக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க, இந்தச் சாக்க பத்தி.”

அன்றே எழுதினேன். வீடு வீடாகப் போனேன். நாய்க்கு எதிராகப் பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவருக்குக் கண்ணாடி காணவில்லை, ஒருவருக்கு மகன் அந்தக் கம்பெனியில் வேலை, ஒருவர் வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். எட்டு நாள் அலைந்து மிஞ்சியது இரண்டு கையெழுத்து. என்னுடையது ஒன்று, ஒட்டிய விரல்களால் அவள் போட்டது ஒன்று.

கரையில் அவளிடம் மனுவைக் காட்டினேன். வயிற்றெரிச்சல் தாங்காமல், “பேசாம பூச்சி கால மையில தோச்சு மூணாவதா வச்சிரலாமா?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

“அவன் எதுக்கு அண்ணாச்சி? அவன்தான் மொத ஆளா சொல்லிட்டான்ல. மத்தவுகள கூட்டிட்டு வாங்க.”