தேவராஜுலுவின் மங்கிய படம்

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மூன்றாம் வகுப்புப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தைப் பெருக்கும் பொன்னம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

“மலைப்படியாண்ட கட வெச்சிருந்தானே போட்டோக்காரன், அவன் செத்துப்பூட்டானாம். மூணு நாளா ஜொரமாம்.”

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் துக்கம் இல்லை. துக்கம் இல்லாததற்கு அவளிடம் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை அவளுக்குக் கொடுத்தவள் நான்.

மதியம் போய்ப் பார்த்தேன். தேவராஜுலு அவர்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். இந்த ஊரில் பாதிக் கல்யாணங்களைப் படம் பிடித்த மனிதருக்கு மாலையோடு வந்திருந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. நான்கு ஆண்டுகளாகத் திருத்தணி அவரைப் பற்றி ஒரு பொய்யை நம்பிவந்தது. கிணற்று வேலைக் கான்டிராக்டர் ஒருவரிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு ஒரு படத்தை வேண்டுமென்றே மங்க வைத்தார் என்பது அந்தப் பொய். கான்டிராக்டரைத் தவிர, அது பொய் என்று அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். மற்றவள் எழுதுவது இது.

தேவராஜுலு பள்ளிப்பட்டுப் பக்கம் பிறந்தவர். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். இளம் வயதில் கோலார் தங்கச் சுரங்கத்தில் படம் எடுத்த ஒரு துரையிடம் காமிரா தூக்கப் போய், பிறகு தாமே எடுக்கக் கற்றுக்கொண்டார். சுரங்கத்தின் கூரையை, தாங்கு கட்டைகளை, விபத்து நடந்தால் இறந்தவர்களை, பல ஆண்டுகள் பூமிக்கு அடியிலேயே எடுத்திருக்கிறார். மார்புச் சளி வந்து இந்தப் பக்கம் திரும்பி மலைப்படிக்குக் கீழே கடை வைத்தார். மொட்டை போட்டுக்கொண்டு இறங்கிவரும் குடும்பங்கள்தாம் அவருக்குப் பிழைப்பு.

“எல்லாரும் ஒரே மாதிரி கீறீங்க. அப்பன் யாரு, புள்ள யாருன்னு பின்னால எழுதிக்கினு போங்க, அப்புறம் என்னாண்ட சண்டைக்கு வராதீங்க” என்பார். சந்தனம் பூசிய தலைகள் குலுங்கிச் சிரிக்கும்போது அவர் சிரிக்கமாட்டார். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்வார்.

நான் சென்னையில் கல்லூரி முடித்துச் சில ஊர்களில் வேலை பார்த்துவிட்டு இங்கே தலைமை ஆசிரியையாக வந்த வருடம், பள்ளிக்கூடப் படம் எடுக்க அவரை அழைத்தேன். காமிராவிலிருந்து முன்வரிசைப் பெண்ணின் மூக்குவரை ஒரு கயிற்றைப் பிடித்து அளந்தார். அந்தப் பெண் கூச்சத்தில் பின்வாங்க, “நீ ஒரு சாண் நகந்தா உன் மூஞ்சி பக்கத்து ஊருக்குப் போயிடும்” என்றார். வெளிச்சத்தில் எதற்குக் கயிறு, காமிராவின் பின்கண்ணாடியில்தான் தெரிகிறதே என்று கேட்டேன்.

“பழக்கம் டீச்சரம்மா. நெலத்துக்கு அடியில கண்ணை நம்ப முடியாது. கண்ணாடியில வெறும் இருட்டுதான் தெரியும்.”

இருட்டில் எப்படித் தெளிவு பிடிப்பார் என்பதை அன்று விளக்கினார். எதை எடுக்க வேண்டுமோ அதன்மேலேயே ஒரு மெழுகுவத்தியை ஒட்டிப் பிடிக்கச் சொல்வார். காமிராவின் பின்புறமுள்ள தேய்த்த கண்ணாடியில் சுடர் தலைகீழாக விழும். முதலில் அது பூசணிப்பூப் போலப் பரந்திருக்கும். லென்ஸை மெல்ல நகர்த்த நகர்த்தச் சுருங்கி, கடைசியில் திரி ஊசிமுனை மாதிரி நிற்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். சுடரை அணைத்து, வெளிச்சத்துக்கான மின்னல் பொடியைக் கொளுத்தி, அந்த ஒரு மின்னலில் படம் எடுக்க வேண்டும். குறுகிய இடத்தில் புகை அடைத்துக்கொள்ளும். இரண்டாவது படம் கிடையாது.

“செத்தவங்கள எடுக்கச்சே தப்பவே கூடாது. இன்னொரு தபா உக்காருன்னு சொல்ல முடியாது இல்ல?” என்றார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு கோடையில் ஊர்க் கிணறுகள் வற்றின. யாத்ரீகர்களுக்காக மலையடிவாரத்துப் பெரிய கிணற்றின் அடியிலிருந்து பக்கவாட்டில் ஊற்றைத் தேடிச் சுரங்கம் வெட்டினார்கள். ஒரு பகல் அதன் கூரை சரிந்தது. எல்லப்பன் என்ற கூலியாள் உள்ளே நசுங்கி இறந்தார். பொன்னம்மா அவருடைய மனைவி. கூரையைத் தாங்கக் கட்டைகளே வைக்கவில்லை என்று அவள் அழுதாள். கட்டைகள் இருந்தன, எல்லப்பன்தான் விறகுக்காக அவற்றை உருவிக்கொண்டு போனான், தன் சாவைத் தானே தேடிக்கொண்டான் என்று கான்டிராக்டர் சொன்னார். விறகுக்கு அலைந்த காலம். கூட வேலை செய்தவர்கள் மறுநாள் கூலிக்கும் அவரிடமே போக வேண்டியவர்கள், வாய் திறக்கவில்லை.

பொன்னம்மா மனு எழுத என்னிடம் வந்தாள்.

“தாலி போனது போவட்டும்மா. திருடன்னு சொல்றாங்களே, அத்த எப்படிம்மா நான் தாங்குவேன்? எம்புள்ளைங்கள நாளைக்கி திருடன் பெத்ததுன்னு சொல்லுவாங்களே.”

தேவராஜுலுவிடம் ஓடினேன். கேட்டவுடன் சொன்னார்: கட்டை வைத்திருந்தால் அதன் முனை நுழைய இரண்டு பக்கச் சுவரிலும் குழி வெட்டியிருக்க வேண்டும். கட்டையை உருவலாம், குழியை உருவ முடியாது. குழியே இல்லாத சுவரைத் தெளிவாக ஒரு படம் எடுத்துக் காட்டினால் போதும். ஜில்லாத் தலைநகரான சித்தூரிலிருந்து விசாரணைக்கு வரும் அதிகாரி அடுத்த வாரம்தான் வருவார். ஆபத்து என்று சொல்லி அன்று மாலையே சுரங்கத்தின் வாயைக் கல் போட்டு அடைக்கக் கான்டிராக்டர் ஏற்பாடு செய்திருந்தார்.

மெழுகுவத்தி பிடிக்க ஆள் கிடைக்கவில்லை. சாவு விழுந்த குழிக்குள் இறங்க எல்லோரும் பயந்தார்கள். நான் வருகிறேன் என்றேன். கிணற்று மேட்டில் நின்ற கான்டிராக்டரின் ஆள், “டீச்சருக்குக் கெணத்துல இன்னா பாடம்?” என்று சிரித்தான். தேவராஜுலு நிமிர்ந்து பார்த்தார். “உனக்குத்தான்டா. மேலயே நின்னு படி” என்றார்.

உள்ளே குனிந்துதான் நடக்க முடிந்தது. ஈர மண்ணும் வேறொன்றும் கலந்த வாடை. சரிந்த மண்ணுக்கு இப்பால் நின்ற சுவரில் ஒரு குழிகூட இல்லை. இரண்டு பேரும் கண்ணால் பார்த்தோம். அந்தச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறை காய்ந்திருந்தது. எல்லப்பனின் உடலை அங்கிருந்துதான் தோண்டி எடுத்திருந்தார்கள். அதன் நடுவில் மெழுகுவத்தியை ஒட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவர் காமிராவுக்குப் பின்னால் போனார். கூரை இன்னும் உதிர்ந்துகொண்டிருந்ததால் கயிறு பிடித்து அளக்க நேரமில்லை, பொடியைக் குறைவாக வைக்க வேண்டும், லென்ஸை முழுக்கத் திறக்க வேண்டும், முன்னும் பின்னும் நாலு விரல் அகலத்துக்குத்தான் தெளிவு இருக்கும் என்றார்.

“சுவத்துல ஒட்டிக்கினு கீதாம்மா?”

“ஒட்டியிருக்கிறது.”

“நல்லா ஒட்டிக்கினு கீதா?”

“ஆமாம், ஐயா.”

ஒட்டியிருக்கவில்லை. என் கை சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே நின்றது. அதை முன்னே தள்ள நினைத்தேன், போகவில்லை. அது பயம் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இல்லை. ஆசாரமான வீட்டில் பிறந்தவள் நான். கல்லூரி விடுதியில் எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, அதையெல்லாம் தாண்டிவிட்டதாகப் பெருமைப்பட்டவள். அன்று வீடு திரும்பியதும், அவ்வளவு தாகத்திலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், கொல்லைக்குப் போய்த் தலையில் நீரை ஊற்றிக்கொண்டேன். பயந்தவர்கள் தலைமுழுகுவதில்லை. சேரி மனிதரின் ரத்தத்தைத்தான் என் கை தொட மறுத்தது.

“சுடரை ஊதிடுங்க. கை அங்கயே இருக்கட்டும், சுவரோட அளவு தெரியும்” என்றார். ஊதினேன். மின்னல். பிறகு புகை, இருமல், மேலே இழுத்த கயிறு. மாலையில் வாயை அடைத்துவிட்டார்கள்.

மறுநாள் கடைக்குப் போனேன். படம் பதிந்து கழுவி உலர்த்திய கண்ணாடித் தகட்டை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“சுவரு வரல டீச்சரம்மா. நான் இன்னும் கொஞ்சம் பாத்திருக்கணும்.”

அதிகாரிகள் வந்து தங்கும் முசாபரி பங்களாவில் விசாரணை நடந்தது. அந்தப் படம் இல்லாதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மங்கிக் கிடந்த சுவரின்மேல் கான்டிராக்டர் விரலை வைத்தார். “தோ, கறுப்பு கறுப்பா தெரியுது பாருங்க. கட்டை சொருகின குழிதானுங்க இதெல்லாம்.” அவை கறையும் நிழலும். தேவராஜுலு, “குழி கெடையாதுங்க, நான் பாத்தேன். இருட்டுல என் கண்ணு தப்பிப்போச்சு, அதான் மங்கிப்போச்சு” என்றார். குழி இல்லை என்று நானும் சொன்னேன்; படத்துக்கு முன்னால் வாய்ச்சொல் எடுபடவில்லை. அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீங்கள்தானே வெளிச்சம் பிடித்தீர்கள்? சரியான இடத்தில்தான் பிடித்தீர்களா?”

படித்தவள், தலைமை ஆசிரியை. இத்தனை பேருக்கு முன்னால் எதைச் சொல்வது? “ஆமாம்” என்றேன்.

தேவராஜுலு தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லப்பன் கட்டை திருடியவர் என்றே எழுதி முடித்தார்கள். ஊருக்கு மற்றொரு கேள்வி மிச்சமிருந்தது: கோலாரில் இருட்டிலேயே படம் எடுத்த மனிதருக்கு இங்கே மட்டும் கண் தப்புமா? அவருடைய திறமையே அவருக்கு எதிர்ச்சாட்சி ஆயிற்று. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கு நடுவில் பொன்னம்மா அவர் கடை முன்னால் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். “எம்புருசன வித்துத் தின்னியே, நல்லா இருப்பியா?” அவர் தலையிலும் தோளிலும் மண். நான் விலக்கப் போனபோது தடுத்தார்.

“வுடுங்கம்மா, தூத்தட்டும். கோவிச்சிக்க அதுக்கு வேற யாரு கீறாங்க?”

பிறகு உள்ளூரில் யாரும் அவரைக் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. நான் பொன்னம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கிக்கொடுத்தேன். ஊர் அதை என் தயவு என்கிறது. ஒருமுறை சொல்லிவிடுவது என்று அவர் கடைக்குப் போனேன். போனதும் பழைய பள்ளிக்கூடப் படத்துக்கு ஒரு பிரதி கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். “வேற எதுனா வேணுமாம்மா?” என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பத்தாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவருடைய மனைவியிடம் அந்தத் தகட்டைக் கேட்டேன். அந்த அம்மாள் தேடவே இல்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து துணியில் சுற்றியதை எடுத்துக் கொடுத்தார்.

“நீங்க கேட்டா குடுக்கச் சொன்னாரும்மா. கேக்கலன்னா நீயா எடுத்துக்கினு போவாதேன்னாரு.”

தகட்டைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வந்தேன். வகுப்புகள் விட்டபின் பொன்னம்மாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன், தலைமுழுகியது உட்பட. அவள் தகட்டை வாங்கி வானத்துக்கு நேரே பிடித்தாள். வெளுப்பெல்லாம் கறுப்பாக விழும் அந்தக் கண்ணாடியில் கை கறுப்பாக இருந்தது. விரல் ரேகை, வளையலின் வேலைப்பாடு, கட்டைவிரலில் வழிந்த மெழுகுச் சொட்டு, ஒவ்வொன்றும் ஊசியால் கீறியதுபோலத் தெளிவு. அதற்குப் பின்னால் அவள் புருஷன் இறந்த சுவர், கலங்கிய தண்ணீராக.

“இது யார் கை?”

“என் கை.”

தகட்டை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

“கை மட்டும் நல்லா வுழுந்துகீது” என்றாள். தகட்டை என் மேசைமேல் வைத்தாள். துடைப்பத்தை எடுக்காமலே வெளியே போனாள். மலைப்படிப் பக்கம் நடந்தாள். அங்கே அந்தக் கடை பூட்டிக் கிடக்கிறது.

ஐயா, கிணற்றுக்கு அடியில் என்னை இரண்டு முறை கேட்டீர்கள். பிறகு நான்கு வருடம் கேட்காமல் காத்திருந்தீர்கள். ஒட்டியிருக்கவில்லை, ஐயா. ஒரு முழம் தள்ளி இருந்தது. உங்கள் கண் தப்பவில்லை. போய் வாருங்கள்.